கூண்டு ஏறினால் புயல் வருமா? தர்க்கக் கேள்விகளில் அனுமானம் எடுப்பது எப்படி

ஐப்பசி பிறந்ததும் கடலூர் டீக்கடைகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். "ஹார்பர்ல ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்களாம். நாளைக்கு ஸ்கூல் லீவுதான்." சொல்கிற பெரியவர் தன் வாழ்நாளில் எத்தனையோ ஒண்ணாம் நம்பரைப் பார்த்தவர். ஏறிய கூண்டு இரண்டு நாளில் சத்தமில்லாமல் இறங்கியதையும் பார்த்தவர், புயல் ஆந்திரா பக்கம் போய்விட்டதையும் பார்த்தவர். ஆனாலும் கூண்டு என்றதும் புயல், புயல் என்றதும் லீவு என்று வாய் தாவிவிடுகிறது.

போட்டித் தேர்வுகளில் வரும் அனுமானக் கேள்விகள் இந்தத் தாவலைத்தான் பிடிக்கப் பார்க்கின்றன. ஒரு கூற்றோ ஒரு பத்தியோ கொடுப்பார்கள். கீழே நாலு முடிவுகள். இதிலிருந்து எது கட்டாயம் பெறப்படும் என்று கேட்பார்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 25 திறனறிவுப் பகுதிக்கு. அங்கே கணக்கோடு கணக்காக இதுவும் எட்டிப் பார்க்கும். வங்கித் தேர்வுகளில் கொத்துக் கொத்தாக வரும். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான சிசாட்டில் 80 கேள்விகள், 200 மதிப்பெண். 33 சதவீதம், அதாவது 66 எடுத்தால் போதும். ஆனால் தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். அந்தக் கழித்தலில் சறுக்கியவர்களைக் கேட்டால் தெரியும், 66 எவ்வளவு பெரிய எண் என்று.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மொட்டைமாடியில் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து படிக்கிறார்கள். பகலில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிற நான், அங்கே போய் இந்தப் பகுதியை மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே நான் கண்டது இது: படிக்காதவர்களைவிட, விஷயம் தெரிந்தவர்கள்தான் இந்தக் கேள்விகளில் அதிகம் தப்பு விடுகிறார்கள்.

மாஹே எந்தக் கடலில்?

முதல் நாள் போர்டில் நான் எழுதுவது எப்போதும் இதுதான்.

கூற்று 1: புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் எல்லாப் பகுதிகளும் வங்கக்கடல் கரையில் உள்ளன.
கூற்று 2: மாஹே புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு பகுதி.
முடிவு: மாஹே வங்கக்கடல் கரையில் உள்ளது.

முடிவு சரியா? உடனே கை தூக்குவார்கள். "தப்பு சார். மாஹே கேரளா பக்கம். அரபிக்கடல்." புவியியல் பாடத்தில் முழு மதிப்பெண். தர்க்கத்தில் பூஜ்யம். இரண்டு கூற்றுகளையும் ஒத்துக்கொண்டால் அந்த முடிவை ஒத்துக்கொண்டே ஆகவேண்டும், தப்பிக்க வழியே இல்லை. முதல் கூற்று பொய் என்பது வேறு சங்கதி. 'கூற்றுகள் மெய் என்று வைத்துக்கொள்க' என்று கேள்வித்தாள் சொல்லிவிட்டால், அந்த ஒரு நிமிடத்துக்கு மாஹே வங்கக்கடலில்தான் இருக்கிறது.

ஆக இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கூற்று உண்மையா என்பது ஒன்று. கூற்றிலிருந்து முடிவு பிறக்கிறதா என்பது இன்னொன்று. தேர்வில் கேட்பது இரண்டாவது மட்டும். முடிவு கட்டாயம் பிறக்குமானால் அதைச் செல்லுபடியாகும் முடிவு என்போம். பிறக்கவும் செய்யலாம், பிறக்காமலும் போகலாம் என்றால் அது வெறும் ஊகம்.

சொல் விஷயத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் இன்ஃபரன்ஸ் வேறு, அஸம்ப்ஷன் வேறு. தமிழ்க் கையேடுகள் சில, இரண்டுக்கும் 'அனுமானம்' என்றே போட்டுத் தொலைக்கின்றன. முன்னது கூற்றிலிருந்து மேலே முளைப்பது. பின்னது கூற்றுக்கு அடியில் சொல்லாமல் புதைந்திருப்பது. டீக்கடைப் பெரியவர் கூண்டைச் சொல்லி லீவுக்குப் போனார் அல்லவா, நடுவில் 'கூண்டு ஏறினால் லீவு விடுவார்கள்' என்று ஒன்றைச் சொல்லாமல் விழுங்கினார். அது அஸம்ப்ஷன். கேள்வி எதைக் கேட்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் அனுமானம் என்றால் முன்னதுதான்.

நெருப்பில்லாமல் புகையாது

அனுமானம் நமக்குப் புதிய சரக்கு இல்லை. மணிமேகலையின் 29-வது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு இதைத்தான் பாடம் எடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. காரணத்துக்கு அங்கே பெயர் 'ஏது'. நாம் இன்றைக்கும் 'ஏதுவாக இருக்கும்' என்று சொல்கிறோமே, அந்த ஏது.

புகை இருந்தால் நெருப்பு இருக்கும். இதை ஒத்துக்கொண்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

புகை தெரிகிறது, அதனால் நெருப்பு இருக்கிறது. சரி.
நெருப்பு இல்லை, அதனால் புகையும் இல்லை. இதுவும் சரி. 'நெருப்பில்லாமல் புகையாது' என்ற பழமொழியே இதுதான். முதல் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் 'இல்லை' சேர்த்தது.
நெருப்பு இருக்கிறது, அதனால் புகை இருக்கும். தப்பு. வீட்டுக் கேஸ் அடுப்பைப் பாருங்கள். நீலமாக எரிகிறது, புகை எங்கே?
புகை இல்லை, அதனால் நெருப்பும் இல்லை. தப்பு. அதே கேஸ் அடுப்பு. இதை நம்பிக் கையை வைத்தால் சுடும்.

மணிமேகலை காலத்து அடுக்களையில் விறகு எரிந்தது. அங்கே நெருப்பும் புகையும் எப்போதும் ஜோடியாகவே திரிந்ததால் மூன்றாவதும் நாலாவதும் சரி போலவே தோன்றியிருக்கும். தேர்விலும் இதே கதைதான். இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருப்பதைப் பார்த்துப் பழகிவிட்டால், கூற்று ஒருவழிப் பாதை என்பதை மறந்து எதிர்த்திசையில் வண்டியை விடுவோம்.

இப்போது கூண்டுக்கு வாருங்கள். 'கடலூரைப் புயல் தாக்குமானால் அதற்குமுன் துறைமுகத்தில் கூண்டு ஏறும்' என்பது கூற்று என்று வையுங்கள். கூண்டு ஏறியிருக்கிறது; புயல் தாக்குமா? தெரியாது. துறைமுகக் கூண்டுகள் மொத்தம் 11. ஒண்ணாம் எண் சொல்வதெல்லாம், தூரத்தில் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, கப்பல்காரர்கள் கவனம் என்பதுதான். இந்தக் கரைக்கு வருகிறது என்று அது சொல்லவே இல்லை. கூண்டு ஏறவே இல்லை என்றால்? இந்தக் கூற்றின்படி புயல் தாக்காது. அந்தப் பக்கம் உறுதி, இந்தப் பக்கம் இல்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்குக் கூண்டு என்ற சொல்லைக் கேட்டதும் வயிறு கலங்கும். கலங்கட்டும். கலக்கத்தோடு விடைத்தாளில் கை வைக்காமல் இருந்தால் சரி.

முறித்துப் பார்

எந்த முடிவைக் கொடுத்தாலும் நான் செய்யச் சொல்வது ஒரே வேலை. அதை நிரூபிக்கப் போகாதீர்கள். முறிக்கப் பாருங்கள். கூற்றுகள் எல்லாம் மெய்யாக இருந்தும், முடிவு மட்டும் பொய்யாகப் போகிற மாதிரி ஒரு நிலைமையைக் கற்பனை செய்ய முடிகிறதா? ஒன்று கிடைத்தாலும் போதும், அந்த முடிவை அடித்துவிடலாம். எவ்வளவு புரட்டினாலும் கிடைக்கவில்லையா, அதுதான் விடை. கேஸ் அடுப்பு செய்தது அந்த முறிக்கும் வேலைதான்.

ஒரு நாள் இதைக் கொடுத்தேன். கூற்று: 'ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது. எல்லா விசைப்படகுகளும் இதற்குக் கட்டுப்படுகின்றன.' முடிவு: 'அந்த 61 நாளும் கடலூர் மார்க்கெட்டில் கடலூர்க் கடல் மீன் இருக்காது.' பண்ருட்டியிலிருந்து வரும் பையன் 'சரி' என்று டிக் போட்டான். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் பெண் சிரித்துவிட்டாள். "எங்கப்பா நாட்டுப் படகுல போவார் சார். தடைக்காலத்துலதான் எங்க வீட்டு மீனுக்கு நல்ல விலை." அவ்வளவுதான், முறிந்தது. கூற்று விசைப்படகைப் பற்றி மட்டும் பேசியது. மற்ற படகுகளைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பையன் விடவில்லை. "மாஹே கணக்குல வெளி விஷயத்தைக் கொண்டுவரக் கூடாதுன்னீங்க. இப்ப அவ கொண்டுவந்தா மட்டும் சரியா?" நல்ல கேள்வி. எனக்கே பதில் சொல்ல ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. அவள் தன் அறிவை வைத்துக் கூற்றை மறுக்கவில்லை. கூற்றை அப்படியே ஒத்துக்கொண்டு, அது விட்டுவைத்த சந்து எது என்று காட்டினாள். மாஹே அரபிக்கடலில் என்று சொன்னவர்கள் கூற்றையே தூக்கி எறிந்தார்கள். நாட்டுப் படகு பற்றித் தெரியாதவர்கூட, 'வேறு வகைப் படகு இருக்கலாமே' என்று கற்பனை செய்தாலே முடிவு முறிந்திருக்கும். உங்களுக்குத் தெரிந்த உலகத்தை முடிவை முறிக்கப் பயன்படுத்தலாம். முடிவைக் கட்டுவதற்குக் கூற்றில் உள்ள செங்கல் மட்டும்தான்.

தான், உம், ஆவது

தமிழில் இந்தக் கேள்விகளைப் படிக்கும்போது பெரிய சொற்களை விட்டுவிட்டு வால்களைப் பாருங்கள். சிக்கல் எல்லாம் அங்கேதான்.

'மழை பெய்தால் வகுப்பு இல்லை.' 'மழை பெய்தால்தான் வகுப்பு இல்லை.' ஒரே ஒரு 'தான்'. முதலாவதில் மழை வந்தால் வகுப்பு கிடையாது என்பது உறுதி; மழை இல்லாத நாளிலும் எனக்குக் காய்ச்சல் வந்து வகுப்பு நின்றுபோகலாம். இரண்டாவதில் மழையைத் தவிர வேறு எதற்கும் வகுப்பு நிற்காது. வகுப்பு நின்றிருந்தால் மழை பெய்திருக்க வேண்டும். அந்த ஒருவழிப் பாதையின் திசையையே 'தான்' திருப்பிவிட்டது. 'மட்டுமே'யும் இதே ஜாதி. 'ஹால் டிக்கெட் உள்ளவர்கள் மட்டுமே அறைக்குள் நுழையலாம்' என்றால், உள்ளே இருப்பவர்கள் எல்லோரிடமும் ஹால் டிக்கெட் உண்டு. ஹால் டிக்கெட் உள்ள எல்லோரும் உள்ளே விடப்படுவார்கள் என்று அது சொல்லவில்லை. நேரம் கழித்து வந்து கேட்டுக்கு வெளியே நிற்பவர் கையிலும் ஹால் டிக்கெட் இருக்கும்.

அடுத்தது 'எல்லாரும் இல்லை' விவகாரம். போன கார்த்திகையில் ஒரு மழைநாள். மாடியில் ஐந்து பேர் கீற்றுக் கொட்டகைக்குக் கீழே ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூத்தப்பாக்கத்திலிருந்து ஒருவன் போன் செய்து, "கிளாஸ் உண்டா சார்?" என்றான். "எல்லாரும் வரல" என்றேன். 'சிலர்தான் வந்திருக்கிறார்கள்' என்பது என் மனதில். 'ஒருத்தருமே வரவில்லை' என்பது அவன் காதில். அவன் வரவில்லை. தப்பு அவனுடையது அல்ல, நான் பேசிய வாக்கியமே இரண்டு பக்கமும் சாயும். எழுத்தில் 'எல்லோரும் வரவில்லை' என்று பார்த்தால் நின்று யோசியுங்கள். 'எவரும் வரவில்லை' என்றால் ஐயமே இல்லை. ஒழுங்காகத் தயாரித்த கேள்வித்தாளில் 'எந்த ... உம் இல்லை' என்றோ 'சில ... அல்ல' என்றோதான் இருக்கும்.

'சில' இன்னொரு குழி. பேச்சில் 'சில மாம்பழம் இனிப்பு' என்றால் மற்றவை புளிப்பு என்று அர்த்தம். தர்க்கத்தில் 'சில' என்றால் 'ஒன்றாவது' என்று மட்டும் பொருள். கூடையில் இருப்பது அத்தனையும் இனிப்பாக இருந்தாலும் 'சில இனிப்பு' என்பது மெய்தான். அதனால் 'சில அ-க்கள் ஆ' என்பதிலிருந்து 'சில அ-க்கள் ஆ அல்ல' என்று ஒருபோதும் எடுக்க முடியாது. 'சில' வரும் இடத்திலெல்லாம் மனதுக்குள் 'ஒன்றாவது' என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்தது. இரண்டு 'சில' கூற்றுகளைக் கோர்த்து எதையும் இழுக்க முடியாது என்பதும் அப்போது தானாகப் புரியும்: 'சில மீனவர்கள் பாடகர்கள், சில பாடகர்கள் டாக்டர்கள்' என்றால், அந்த ஒரு பாடகரும் இந்த ஒரு பாடகரும் வேறு வேறு ஆளாக இருக்கலாம். வட்டம் போட்டுப் பார்க்கும் வென்படம் கையேடுகளில் இருக்கிறது, பழகிக்கொள்ளுங்கள். வேகத்துக்கு அது உதவும். புரிவதற்கு முறித்துப் பார்ப்பதே போதும் என்பது என் கட்சி.

40 படகுகள்

பத்தி கொடுத்துக் கேட்பது கொஞ்சம் நீளம், அவ்வளவே. வகுப்புக்காக நானே தயாரித்த ஒன்று.

'ஒரு மீனவ கிராமத்தில் 40 படகுகள் உள்ளன. அவற்றில் 25 படகுகளில் ஜிபிஎஸ் கருவியும், 22 படகுகளில் வயர்லெஸ் செட்டும் உண்டு. சென்ற ஆண்டு இந்தக் கிராமத்தின் 3 படகுகள் மட்டுமே கடலில் வழிதவறின. மூன்றிலும் ஜிபிஎஸ் இல்லை.'

அ) ஜிபிஎஸ் இருந்தால் படகு வழிதவறாது.
ஆ) வயர்லெஸ்ஸைவிட ஜிபிஎஸ் பயனுள்ளது.
இ) குறைந்தது 7 படகுகளில் இரண்டு கருவிகளும் உண்டு.
ஈ) எந்தக் கருவியும் இல்லாத படகுகள் உள்ளன.

எட்டுப் பேரில் ஐந்து பேர் 'அ' என்றார்கள். ஏன் என்று கேட்டேன். "அதுதானே சார் பத்தியோட கருத்து?" என்றார்கள். பத்தியின் கருத்து வேறு, பத்தி உறுதிப்படுத்துவது வேறு. முறித்துப் பாருங்கள்: அடுத்த ஆண்டு ஜிபிஎஸ் உள்ள ஒரு படகில் பாட்டரி தீர்ந்துபோய் வழிதவறுகிறது. பத்தியில் உள்ள ஒரு வரியாவது பொய்யாகிறதா? இல்லை. ஆக 'அ' போச்சு. இதையே 'சென்ற ஆண்டு ஜிபிஎஸ் இருந்த எந்தப் படகும் வழிதவறவில்லை' என்று கொடுத்திருந்தால் அது விடையாகியிருக்கும், ஏனென்றால் வழிதவறியவை 3 மட்டுமே, மூன்றிலும் ஜிபிஎஸ் இல்லை. சென்ற ஆண்டைப் பற்றிய செய்தியை என்றைக்கும் பொருந்தும் விதியாக நீட்டியதுதான் 'அ' செய்த குற்றம். கேள்வி தயாரிப்பவர்களுக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. எப்போதும், ஒருபோதும், காரணம், சிறந்தது, வேண்டும் போன்ற சொற்கள் விடையில் இருந்தால், அவ்வளவு பாரம் தாங்கக் கூற்றில் தூண் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

'ஆ'வுக்குத் தூணே இல்லை. வழிதவறிய மூன்றில் வயர்லெஸ் இருந்ததா என்றே பத்தி சொல்லவில்லை.

'ஈ' நயமாக ஏமாற்றும். 40-இல் 25 போக 15. அந்த 15 படகுகளிலும் வயர்லெஸ் இருந்துவிட்டால்? எந்தக் கருவியும் இல்லாத படகு ஒன்றுகூட மிஞ்சாது. அப்படி இருக்க முடியும் என்பதே 'ஈ'யை அடிக்கப் போதும்.

மிஞ்சுவது 'இ'. 25-ஐயும் 22-ஐயும் கூட்டினால் 47. இருப்பதோ 40 படகு. இரண்டும் உள்ள படகு முடிந்தவரை குறைவாக இருக்கட்டும் என்று பரத்திப் பரத்தி வைத்தாலும் 7 கருவிகள், ஏற்கெனவே ஒன்று இருக்கும் படகில்தான் போய் உட்கார வேண்டும். முறிக்க வழியில்லை. விடை 'இ'. பத்தியில் ஓர் இடத்திலும் 7 என்ற எண்ணே இல்லை. படகுகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் பத்திக்கு, கருவிகளின் எண்ணிக்கை பற்றிய ஒரு சப்பென்ற விடை. இந்தக் கேள்விகளில் சரியான விடை பெரும்பாலும் இப்படித்தான் சப்பென்று இருக்கும். பளபளப்பாக இருப்பதைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

'பெரும்பாலான' என்ற சொல்லுக்கும் இதே கணக்கு. ஒரு கிராமத்தில் பெரும்பாலான படகுகளில் ஜிபிஎஸ், பெரும்பாலான படகுகளில் வயர்லெஸ் என்றால், பாதிக்கு மேல் ஒன்று, பாதிக்கு மேல் இன்னொன்று. இரண்டும் உள்ள படகு ஒன்றாவது இருந்தே தீரும். 'சில, சில' என்றால் கோர்க்க முடியாது. ஒரே கூட்டத்தைப் பற்றிய 'பெரும்பாலான, பெரும்பாலான' என்றால் முடியும்.

பயிற்சிக்குக் கையேடு தீர்ந்துவிட்டால் ரோட்டில் இறங்குங்கள். எங்கள் வகுப்பில் போன வாரம் டவுன் பஸ்ஸை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சண்டை நடந்தது. கூற்று: 'சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கலாம்.' இதிலிருந்து 'மகளிர் அல்லாதவர் அந்தப் பேருந்தில் டிக்கெட் எடுத்தே ஆகவேண்டும்' என்று எடுக்கலாமா? கூற்றில் 'மட்டுமே' இல்லை என்று பண்ருட்டிப் பையன்தான் முதலில் கண்டுபிடித்தான். மாற்றுத்திறனாளிகளுக்கும் டிக்கெட் இல்லையே என்று இன்னொருவர் முறித்தே காட்டிவிட்டார். 'கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் மகளிருக்கு டிக்கெட் உண்டு' என்பது? அதில் தினமும் போய்வரும் இருவர் டிக்கெட்டையே எடுத்துக் காட்டினார்கள். நடைமுறையில் உண்டுதான். ஆனால் கூற்று மற்ற பஸ்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அதையும் எடுக்க முடியாது என்றேன். "கையில டிக்கெட்டை வச்சுக்கிட்டே இல்லேங்கணுமா சார்?" என்றார்கள். தேர்வு அறைக்குள் இருக்கும்வரை, ஆமாம்.